ஒரு பொம்மை, இரண்டு விலை

ஜப்பானுக்குப் போகிறவர்கள் பெட்டியில் துணிமணி அடுக்குவதற்கு முன்பே வீட்டுச் சிறுவர்கள் ஒரு ஜாபிதா எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் ஜப்பான் என்றால் காமிரா, கைக்கடிகாரம், டிரான்ஸிஸ்டர் ரேடியோ. இப்போது கேட்பதே வேறு. பிகாச்சு பொம்மை ஒன்று, மரியோ தொப்பி ஒன்று, கிர்பி படம் போட்ட கோப்பை ஒன்று! பாதிப் பெயர்கள் பெரியவர்கள் வாயில் நுழைவதில்லை. ஆனால் பெயரைத் தப்பாகச் சொல்லித் தப்பான பொம்மையை வாங்கி வந்துவிட்டால், அப்புறம் ஒரு வாரத்துக்கு வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆள் கிடையாது.

வீடியோ கேம் பாத்திரங்களை வைத்துச் செய்யும் சாமான்களுக்கு ஜப்பான் பிறந்த வீடு. கியோட்டோ நகரத்தில் 1889-ல் பூப்படம் போட்ட விளையாட்டுச் சீட்டு செய்வதற்காக ஆரம்பித்த கம்பெனிதான் நின்டெண்டோ. அதே கம்பெனி 1983 ஜூலையில் ‘ஃபாமிகாம்’ என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. 1985-ல் மீசைக்கார மரியோ அதில் குதித்து ஓட ஆரம்பித்தார். 1996-ல் போகிமான் வந்தது. 1998-ல் போகிமான் சாமான்களுக்கென்றே டோக்கியோவில் ஒரு கடை திறந்தார்கள். இன்று அப்படிப்பட்ட கடைகள் ஜப்பானின் பெரிய நகரங்களில் எல்லாம் இருக்கின்றன.

சரி, கடைக்குப் போனோம், வாங்கினோம், வந்தோம் என்று முடிகிற சமாசாரமா இது? அதுதான் இல்லை. ஒரே அலமாரியில் ஒரே பொம்மையை எடுக்கும் இரண்டு பேரில், உள்ளூரில் குடியிருப்பவர் கொடுக்கும் விலை வேறு. பிரயாணி கொடுக்கும் விலை வேறு. இருவரில் யாருக்கு லாபம் என்று பார்ப்போமா?

மாம்பலத்திலிருந்து ஓர் அண்ணா டோக்கியோவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தங்கை கல்யாணமாகி அங்கே நிஷி-கசாயில் குடித்தனம் செய்கிறாள். கம்ப்யூட்டர் வேலைக்குப் போன நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் பேட்டை அது. அண்ணா பத்து நாள் பிரயாணி. தங்கை எட்டு வருஷத்து உள்ளூர்வாசி. இருவரும் சேர்ந்து கடைக்குக் கிளம்புகிறார்கள்.

வரி யாருக்கு?

ஜப்பானில் விற்பனை வரி நூற்றுக்குப் பத்து. 3,000 யென் பொம்மைக்கு 300 யென் வரி சேர்ந்து 3,300 ஆகும். தங்கை அதைக் கொடுத்தே ஆகவேண்டும். அவள் இந்தியப் பிரஜைதான். ஆனாலும் அங்கே குடியிருப்பவள். அண்ணாவோ குறுகிய காலப் பிரயாணி. சலுகை உள்ள கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டினால் அவருக்கு வரி இல்லை.

இதில் ஒரு சூட்சுமத்தைக் கவனியுங்கள். ஒரு பொம்மை மட்டும் வாங்கினால் 5,000 எட்டாது, சலுகையும் கிடையாது. இரண்டு வாங்கினால் 6,000. அப்போது 600 யென் மிச்சம். ஆகவே இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று நாலு கடை ஏறி இறங்காமல் ஒரே கடையில் சேர்த்து வாங்குகிறவரே கெட்டிக்காரர்.

இன்னொரு தேதியையும் நினைவில் வையுங்கள். 2026 அக்டோபர் முடிய, கடையிலேயே வரியைக் கழித்துக் கொடுப்பது ஏற்பாடு. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. பிரயாணி முதலில் வரியுடன் முழு விலையையும் கொடுக்கவேண்டும். நாட்டை விட்டுப் புறப்படும்போது சுங்க அதிகாரிகளிடம் சாமானுடன் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் வரி திரும்பி வரும். ஆகவே கைச்செலவுக்குச் சற்று அதிகமாகவே எடுத்துப் போகவேண்டும். விமான நிலையத்துக்கும் சற்று முன்னதாகவே போகவேண்டும்.

ஏன் மாற்றினார்கள்? வரியில்லாமல் வாங்கி, ஜப்பானுக்குள்ளேயே மறுபடி விற்றுக் காசு பார்த்த பேர்வழிகளால்தான்!

“அண்ணா, எனக்கும் ஒன்று!”

இப்போது நம் கதையில் ஒரு சங்கடம் வருகிறது.

தங்கைக்கு ஆறு வயதில் ஒரு பெண். அதற்கும் பிகாச்சு வேண்டும். “அண்ணா, உன் பாஸ்போர்ட்டைக் காட்டி எனக்கும் சேர்த்து வாங்கிவிடேன். வரி மிச்சம்தானே?” என்கிறாள் தங்கை.

கேட்பதில் என்ன தப்பு என்று தோன்றும். அண்ணன் தங்கைக்குள் கணக்கு ஏது? ஆனால் சட்டத்தில் இருக்கிறது கணக்கு. வரியில்லாமல் வாங்கிய சாமான் நாட்டை விட்டு வெளியே போகவேண்டும் என்பதுதான் சலுகைக்கே ஆதாரம். அதை உள்ளூரில் விட்டுவிட்டுப் போனால், புறப்படும்போது சுங்கத்தார் கேட்டால் வரியைக் கட்டவேண்டியதுதான். ஒரு பொம்மைக்காக அந்நிய நாட்டில் அதிகாரி முன் நின்று விழிப்பது யாருக்கு அழகு?

அண்ணா என்ன செய்தார்? மகனுக்கு இரண்டு பொம்மையைத் தனிப் பில்லாகப் போட்டுக்கொண்டார். மருமகளுக்கு ஒன்றை வரி கொடுத்தே வாங்கினார். கூடுதல் செலவு 300 யென். நம் காசில் நூற்றைம்பது ரூபாய்க்குச் சற்று மேல். தாய்மாமன் சீர் என்று நினைத்துக்கொண்டால் அது ஒரு செலவா?

மலிவுப் பெட்டியின் மர்மம்

இதுவரை பிரயாணி பக்கம்தான் லாபம். இனி தராசின் மறுதட்டைப் பாருங்கள்.

2025 ஜூன் 5-ந் தேதி நின்டெண்டோ ‘ஸ்விட்ச் 2’ என்ற புதிய விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. ஜப்பானில் அதற்கு இரண்டு விலை வைத்தார்கள். ஜப்பானிய பாஷை மட்டும் பேசும் பெட்டி 49,980 யென். பல பாஷை தெரிந்த பெட்டி 69,980 யென். இருபதாயிரம் யென் வித்தியாசம்!

மலிவுப் பெட்டி உள்ளூர்வாசிகளுக்கென்று செய்தது. திரையில் வரும் குறிப்புகள் எல்லாம் ஜப்பானிய எழுத்தில்தான். ஜப்பான் என்று பதிவு செய்த கணக்கை மட்டுமே அது ஏற்றுக்கொள்ளும். பிரயாணி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தால் பிள்ளை பெட்டியைத் திறந்ததும், “அப்பா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்பான். அப்பாவுக்கும் தெரியாது.

வாங்குவதும் அத்தனை சுலபமாக இல்லை. முதல் தடவை கம்பெனி தன் நேரடி விற்பனையில் குலுக்கல் வைத்தபோது, குறிப்பிட்ட தேதிக்குள் ஐம்பது மணி நேரமாவது பழைய ஸ்விட்சில் விளையாடியிருக்கவேண்டும், மொத்தம் ஓராண்டாவது சந்தா கட்டியிருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அப்படியும் ஜப்பானில் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்! பத்து நாள் பிரயாணிக்கு அந்த வரிசையில் ஏது இடம்?

அவகாசம் என்னும் ஆஸ்தி

உள்ளூர்வாசிக்கு உள்ள பெரிய ஆஸ்தி பணமல்ல, அவகாசம்.

டோக்கியோ ஷிபுயாவில் பார்க்கோ என்ற அங்காடியின் ஆறாவது மாடியில் நின்டெண்டோ கடை இருக்கிறது. 2019 நவம்பரில் திறந்தது. பக்கத்திலேயே போகிமான் கடையும் உண்டு. அண்ணா போன நாளில் மகன் கேட்ட கோப்பை தீர்ந்து போயிருந்தால் அவ்வளவுதான், ஏமாற்றத்தோடு திரும்பவேண்டும். தங்கையோ, “அடுத்த வாரம் வரும், பார்த்துக்கொள்ளலாம்” என்று நிம்மதியாகக் காப்பி சாப்பிடப் போவாள். வீட்டிலிருந்தபடியே ஆர்டர் செய்து வாசலில் வாங்கிக்கொள்ளவும் அவளால் முடியும். அந்த உள்ளூர்த் தபால் விற்பனை மாம்பலம் வரைக்கும் வராது.

கியோட்டோவுக்கு அருகே ஊஜியில் 2024 அக்டோபரில் நின்டெண்டோ அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே உள்ளே மட்டும் விற்கும் சாமான்கள் சில உண்டு. ஆனால் வாசலில் போய் நின்று டிக்கெட் கேட்க முடியாது. பெரும்பாலும் மாதக்கணக்கில் முன்னதாகப் பெயர் கொடுத்து, குலுக்கலில் விழுந்தால்தான் அனுமதி. பிரயாணிக்கும் இதில் சம உரிமை உண்டு. ஆனால் விமான டிக்கெட்டுக்கு முன்னால் இதை நினைத்துப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

பழைய சாமான் விஷயத்தில் தங்கையின் கை இன்னும் ஓங்கி நிற்கிறது. பிரயாணிகள் எல்லாரும் ஒரே மூச்சாக அகிஹபாராவுக்கு ஓடுகிறார்கள். கூட்டம் சேர்ந்த இடத்தில் விலையும் சேர்ந்துகொள்ளும். உள்ளூர்வாசிகள் ‘புக் ஆஃப்’, ‘ஹார்ட் ஆஃப்’ முதலிய பழம்பொருள் கடைகளின் புறநகர்க் கிளைகளில் சாவகாசமாகத் துழாவுகிறார்கள்.

அப்படி ஒரு கடைக்குத் தங்கை கூட்டிக்கொண்டு போனபோதுதான் அண்ணாவுக்கு வயது முப்பது குறைந்துவிட்டது. மஞ்சளும் சிவப்புமாக ஃபாமிகாம் கேஸட்டுகள்! 1990-களில் நம் ஊரில் ‘டி.வி. கேம்’ என்று விற்ற பெட்டிகளில் பல, ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த நகல்களே. அந்த நாளில் அண்ணாவும் தங்கையும் அதற்காகச் சண்டை போட்டதை நினைத்து இருவரும் கடைக்குள்ளேயே சிரித்தார்கள்.

நீங்களும் வாங்குவதானால் இரண்டு விஷயம். ஃபாமிகாம் கேஸட் அமெரிக்கப் பெட்டியில் பொருந்தாது; இதற்கு 60 முனை, அதற்கு 72. மேலும் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 230. பழைய பெட்டியின் அடாப்டரை அப்படியே நம் சுவரில் சொருகினால் விளையாட்டு வராது, புகைதான் வரும்.

யாருடைய மலிவு?

“ஜப்பான் மலிவு” என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். 2011-ல் ஒரு டாலருக்கு 76 யென்கூடக் கிடைக்காத நாள் உண்டு. 2024-ல் 160 யென்னுக்கு மேல் கிடைத்தது. டாலர்க்காரருக்குக் கடை முழுவதும் பாதி விலைக்கு வந்த மாதிரிதான். ரூபாய்க்காரருக்கு அவ்வளவு இல்லை. 2011-ல் ஒரு யென்னுக்குச் சுமார் 65 காசு. 2024-ல் சுமார் 52 காசு. ரூபாயும் டாலர் முன் இறங்கியிருந்ததே காரணம்.

தங்கையின் புருஷனுக்குச் சம்பளம் யென்னில். அவருக்கு எதுவும் மலிவாகவில்லை. வெளியூர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போனபின் மிஞ்சியதைப் பார்த்து, வரியும் கொடுத்து வாங்குகிறார். இதையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டாமா?

2025 ஆகஸ்டில் ஜப்பானிய மக்டொனால்ட்ஸ் கடைகளில் குழந்தைகள் சாப்பாட்டுடன் போகிமான் சீட்டு கொடுத்தார்கள். மறுவிற்பனைக்காரர்கள் புகுந்து மொத்தமாக வாங்கினார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடாமல் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. முதல் நாளே பல கடைகளில் சீட்டு தீர்ந்துவிட்டது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு ஆசையாக வந்த குழந்தைகளுக்கு அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு விளையாடத் தெரியுமா?

ஆகவே, ஜப்பானுக்குப் போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சலுகை உங்களுக்கு உண்டு, தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைக்கு ஒன்று, சிநேகிதர் பிள்ளைக்கு ஒன்று வாங்குங்கள். “ஊரில் விற்றால் இரட்டிப்பாகும்” என்று பத்தாக எடுக்கக் கை நீளும்போது பின்னால் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். ஆறு வயதுப் பெண் ஒன்று உங்கள் கூடையையே பார்த்துக்கொண்டு நிற்கக்கூடும்.

கடைசியாக, இரண்டு பேருக்கும் ஒரே விலை உள்ள இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் ‘கச்சாபோன்’ என்று பெயர். காசைப் போட்டுப் பிடியைத் திருகினால் ‘கச்சா’ என்று சத்தம். ‘போன்’ என்று ஓர் உருண்டை வந்து விழும். உள்ளே ஒரு குட்டிப் பொம்மை. பாஸ்போர்ட் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். நரிதா விமான நிலையத்தில்கூட வைத்திருக்கிறார்கள், பிரயாணிகளின் மிச்சச் சில்லறைக்காக.

மாம்பலத்து அண்ணா கடைசிக் காசுகளை அதில்தான் போட்டார். வழியனுப்ப வந்த மருமகள் பிடியைத் திருகினாள். என்ன பொம்மை விழுந்தது என்று கேட்காதீர்கள். அவள் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு மாமாவுக்குக்கூடக் காட்டவில்லை!