வழக்கொழிந்த கோப்பு முறைமைச் செயற்கூறுகளை நீக்குதல்

இயக்கு தளம் ஒன்றின் கோப்பு முறைமை நிரலில் காலத்துக்கு ஒவ்வாது போன செயற்கூறுகளுக்கு மாற்று அமைத்து, அவற்றை அழைக்கும் இடங்களையெல்லாம் திருத்தி, இறுதியில் பழையவற்றை அழிப்பது வழக்கொழிந்த செயற்கூறுகளை நீக்குதல் எனப்படும். கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் கருனியில் இப்பணி வெளிப்படையாக நடைபெறுவதால் அதுவே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

== உள்ளும் வெளியும் ==

லினக்ஸில் ஒவ்வொரு கோப்பு முறைமையும் திறத்தல், படித்தல், எழுதுதல் முதலியவற்றுக்கான தன் செயற்கூறுகளை ஓர் அட்டவணையில் கருனிக்குத் தருகிறது. இந்த உள் அட்டவணை எப்பொழுது வேண்டுமானாலும் மாறலாம். ஆனால் பயனரின் நிரல்கள் பயன்படுத்தும் முறைமை அழைப்புகள் மாறாதிருக்க வேண்டும் என்பது கருனி உருவாக்குநர்களின் கொள்கையாகும்.

== எடுத்துக்காட்டு: ஐஓசிடிஎல் ==

1996இல் வெளியான லினக்ஸ் 2.0, பல செயலிகள் கொண்ட கணினிகளை ஆதரிக்கப் 'பெரும் கருனிப் பூட்டு' என்பதைக் கொண்டுவந்தது. ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டுமே இப்பூட்டைப் பெற முடியும். அது தேவைப்படும் மற்றவை காத்திருக்கும். செயலிகளின் எண்ணிக்கை பெருகியபோது இதுவே தடையாயிற்று.

அட்டவணையிலிருந்த ஐஓசிடிஎல் செயற்கூறு இப்பூட்டுடனேயே அழைக்கப்பட்டது. பூட்டு இருக்கும் என நம்பிப் பல இயக்கிகள் எழுதப்பட்டிருந்ததால் அதை உடனே விலக்க இயலவில்லை. எனவே 2005இல் வெளியான 2.6.11 பதிப்பில் பூட்டில்லாத புதிய செயற்கூறு அருகிலேயே சேர்க்கப்பட்டது. இயக்கிகள் ஒவ்வொன்றாக அதற்கு மாற்றப்பட்டன. 2010இல் 2.6.36 பதிப்பில் பழையது நீக்கப்பட்டது. 2011இல் 2.6.39 பதிப்பில் பூட்டே மறைந்தது. பயனர் நிரல்கள் அழைக்கும் ஐஓசிடிஎல் இன்றும் மாறாமல் உள்ளது.

== நீக்கும் முறை ==

# புதிய செயற்கூறு பழையதன் அருகில் சேர்க்கப்படும்.
# கருனியிலுள்ள கோப்பு முறைமைகள் படிப்படியாக மாற்றப்படும்.
# அழைப்பவர் எவருமில்லை என உறுதியானபின் பழையது அழிக்கப்படும்.

பக்கங்களை முன்கூட்டியே படிக்கும் ரீட்பேஜஸ் என்ற செயற்கூறும் இவ்வாறே நீங்கியது. அதன் மாற்றான ரீட்அஹெட் 2020இல் 5.8 பதிப்பில் வந்தது. பழையது 2022இல் 5.18 பதிப்பில் நீக்கப்பட்டது. கருனிக்கு வெளியே பேணப்படும் இயக்கிகளை அவற்றின் ஆசிரியர்களே திருத்த வேண்டும். இல்லையேல் அவை புதிய பதிப்பில் தொகுக்கப்படா.

== வட்டிலுள்ள தரவு ==

செயற்கூறு போனால் நிரலைத் திருத்தலாம். ஒரு கோப்பு முறைமையே போனால் வட்டிலுள்ள தரவு படிக்க முடியாததாகிவிடும். ஆகவே இங்குக் கூடுதல் கவனம் தேவை.

2015இல் 4.3 பதிப்பில் எக்ஸ்ட்3 நிரல் நீக்கப்பட்டபோது, எக்ஸ்ட்4 நிரலே எக்ஸ்ட்3 வட்டுகளையும் கையாண்டதால் எவருக்கும் இழப்பில்லை. ரெய்சர் கோப்பு முறைமைக்கு அத்தகைய மாற்று இல்லை. அது வழக்கொழிந்ததென 2022இல் அறிவிக்கப்பட்டு, 2025 சனவரியில் வெளியான 6.13 பதிப்பில் நீக்கப்பட்டது. அவ்வகை வட்டு வைத்திருப்போர் பழைய கருனியைக் கொண்டு தரவைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், சென்னை சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கணினிகளில் இடம்பெற்றது. புதுக்கோட்டை மாவட்ட மாணவர் ஒருவரின் அக்காலக் கோப்புகள் எக்ஸ்ட்3 வட்டில் இருப்பின், வட்டு பழுதடையாத வரை, இன்றைய கருனியும் அவற்றைப் படிக்கும். முறையாகச் செய்யப்படும் நீக்கத்தின் பயன் இதுவே.