மின்னூட்டி வாங்குமுன் மின்பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எங்கள் வீட்டிற்கு மின்சார மகிழுந்து வந்தபோதுதான் இப்பழமொழி எனக்கு நன்றாக விளங்கியது.

“பிளக்தான் இருக்கே, அதுல போட்டா போதாதா? எதுக்கு வீண் செலவு?” என்றார் அப்பா. மகிழுந்து நிறுத்துமிடத்தில் இருந்த மூன்று முள் பிளக்கிலேயே இரவு முழுவதும் மின்னூட்டினோம். ஐந்தாம் நாள் காலையில் பிளக்கைக் கழற்றினேன், கை சுட்டது. அதன் ஓரம் பழுப்பேறியிருந்தது. அதற்கு நேர்மேலே உள்ள அறையில்தான் தம்பி உறங்குகிறான்.

காரணம் எளியது. 13 ஆம்பியர் பிளக்கில் நாம் பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டி, கெண்டி போன்றவற்றைச் சிறிது நேரமே பயன்படுத்துகிறோம். மகிழுந்தோ சுமார் 10 ஆம்பியரை எட்டு, பத்து மணி நேரம் இடைவிடாமல் இழுக்கிறது. பழைய பிளக்கில் இணைப்பு சற்றுத் தளர்ந்திருந்தாலும் அவ்விடம் சூடேறும்.

எனவே 7.4 கிலோவாட் மின்னூட்டி பொருத்த முடிவு செய்து, பதிவு பெற்ற மின்பணியாளரை அழைத்தோம். “அண்ணே, முதல்ல மெயின் பெட்டியைத் திறங்க,” என்றார் அவர். எங்களுடையது ஒருமுனை மின்சாரம் கொண்ட பழைய வரிசை வீடு. மொத்தத் தாங்கு அளவு 60 ஆம்பியர். மின்னூட்டிக்கு 32, குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 16, மூன்று குளிரூட்டிகளுக்கு 15. கூட்டினால் 63! விளக்கும் குளிர்பதனப் பெட்டியும் இன்னும் கணக்கில் வரவில்லை.

அவர் மூன்று வழிகள் கூறினார். மும்முனை மின்சாரத்திற்கு மாறலாம்; செலவு அதிகம். வீட்டின் பயன்பாட்டை அளந்து, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மின்னூட்டியை வாங்கலாம். அல்லது சாதாரண மின்னூட்டியை 16 ஆம்பியரில் நிறுத்தி வைக்கலாம். நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். அப்பா நாளொன்றுக்கு ஓட்டுவது ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதற்குச் சுமார் 10 யூனிட் போதும். 16 ஆம்பியர் என்பது 3.7 கிலோவாட், மூன்று மணி நேரத்திற்குள் வேலை முடிந்துவிடும். எல்லாரும் குளித்து முடித்தபின், நள்ளிரவில் தொடங்குமாறு நேரம் குறித்துவிட்டோம்.

வேகத்தைக் குறைக்கலாம், பாதுகாப்பைக் குறைக்கக் கூடாது. மின்பெட்டியிலிருந்து மின்னூட்டிக்கென்றே தனிக் கம்பி இழுத்தோம். பின்னாளில் 32 ஆம்பியருக்கு மாற்றினாலும் தாங்கும்படி 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டு, அதற்குத் தனித் துண்டிப்பானும் வைத்தோம். மின்கசிவைக் காக்க 30 மில்லியாம்பியர் கருவி வேண்டும். மகிழுந்தின் மின்கலம் நேர்மின்சாரத்தில் இயங்குவதால், நேர்மின்கசிவையும் உணரும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அத்தகைய கசிவு ஏற்பட்டால் சாதாரணக் கருவி செயலிழந்து நிற்கக்கூடும். நில இணைப்பையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நண்பர்களே, நாளை உங்கள் வீட்டிற்கும் இத்தகைய மகிழுந்து வரலாம். “எது வேகமான மின்னூட்டி?” என்று கேட்பதற்கு முன், “நம் வீடு எவ்வளவு தாங்கும்?” என்று கேளுங்கள். அந்தப் பழுப்பேறிய பிளக்கை நான் இன்னும் எறியவில்லை. விவரம் கேட்டு வருவோரிடம் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.