விரிசல் கூறும் சான்று

எளிதில் உடைவதனால் கண்ணாடியை வலிமையற்ற பொருள் எனக் கருதுவோர் பலர். ஆனால், அதன் அணுக்களைப் பிணைத்திருக்கும் விசையைக் கணக்கிட்டால், அது நாம் காண்பதைவிடப் பன்மடங்கு வலிமை உடையதாய் இருத்தல் வேண்டும். இம்முரண்பாட்டுக்கு விடை கண்டவர், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள, கண்ணுக்குப் புலப்படாத நுண்கீறல்களே காரணம் என 1921இல் வெளியான தம் கட்டுரையில் அவர் நிறுவினார்.

கண்ணாடியை வளைக்கும்போது தோன்றும் தகைவு, கீறலின் கூர்முனையில் குவிகிறது. செம்பு போன்ற உலோகமாயின் அம்முனையில் சற்றே நெகிழ்ந்து அதனைத் தணித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்நெகிழ்வு இல்லை. விரிசல் நீளுந்தோறும் இரு புதிய பரப்புகள் உருவாக ஆற்றல் தேவைப்படுகிறது. கண்ணாடியில் தேங்கியுள்ள மீள்திறன் ஆற்றல் அத்தேவையை ஈடுசெய்யும் நிலை வந்ததும், விரிசல் தானே ஓடத் தொடங்கும். அதன் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டரை எட்டும். கண்ணாடியை இழைகளாக இழுத்தும் கிரிஃபித் சோதித்தார். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இழையைவிட, அதில் முந்நூற்றில் ஒரு பங்கே தடிமனுள்ள இழை, சம பரப்பளவுக்கு ஏறத்தாழ 20 மடங்கு இழுவிசையைத் தாங்கிற்று. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு ஏது இடம்? கண்ணாடி அறுப்போர் வைரமுனையால் கோடு கீறி மெல்ல வளைப்பதும் இவ்வுண்மையைப் பயன்கொள்வதே.

உடைந்தபின்னும் கண்ணாடி பேசும். திருட்டு நிகழ்ந்த வீட்டின் சாளரம் வெளியிலிருந்து உடைக்கப்பட்டதா, உள்ளிருந்தவரே உடைத்துவிட்டுத் திருடன்மேல் பழி போடுகிறாரா? கல் பட்டதும் கண்ணாடி மறுபுறமாக வளைகிறது, இழுபடுவது அம்மறுபக்கமே. எனவே, ஆரைபோல் பரவும் விரிசல்கள் அங்கேதான் பிறக்கின்றன. வட்ட விரிசல்கள் அவற்றின்பின், அடிபட்ட பக்கத்திலிருந்து தோன்றும். ஆரை விரிசலின் விளிம்பை நோக்கினால் வளைவரிகள் தென்படும். அவை அடிபடாத பக்கத்தை ஏறத்தாழச் செங்குத்தாகச் சந்திக்கும். இரு துளைகள் இருப்பின், பிந்திய விரிசல் முந்தியதை அடைந்ததும் நின்றுவிடும். பிளவைத் தாண்டி இழுவிசை செல்லாதன்றோ! பொடிப்பொடியாக உதிரும் பதப்படுத்திய கண்ணாடியில் இவ்வாய்வு பயன்படாது. ஏனையவற்றிலும், சட்டத்தில் எஞ்சிய துண்டுகளை அகற்றுமுன் அவற்றின் வெளிப்பக்கத்தைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது. அக்குறிப்பு இல்லையேல், எந்தப் பக்கம் அடிபட்டது என அறிந்தும் அது வீட்டின் உட்புறமா வெளிப்புறமா எனக் கூற இயலாது.