ஜோகூர் ஆற்றங்கரையில் மிங் பேரரசு

மாணவர்களே, சீனப் பேரரசுகளின் கதையைத் தேடி நீங்கள் பெய்ஜிங்வரை போக வேண்டியதில்லை. கோத்தா திங்கியிலிருந்து ஜோகூர் ஆற்றோடு கடலை நோக்கி வந்தால், ஜோகூர் லாமா என்ற சிற்றூர் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அது ஜோகூர் சுல்தான்களின் தலைநகராகவும் துறைமுகமாகவும் விளங்கியது. 1587இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். 1953இலும் 1960இலும் அங்கே அகழாய்வு நடந்தது. மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தவற்றில் சீனப் பீங்கான் துண்டுகளும் இருந்தன.

நம் நாட்டு வெப்பத்திலும் மழையிலும் மரம், துணி, ஓலை எல்லாம் மக்கிப்போகும். பீங்கான் மட்டும் எப்படித் தப்பியது?

வீட்டில் உள்ள மண்பானையை நினைத்துப் பாருங்கள். அதில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. பீங்கான் அப்படியன்று. கயோலின் என்ற வெண்களிமண்ணையும் ஒருவகைப் பாறைத் தூளையும் கலந்து, ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். அப்போது பாறைத் தூளின் ஒரு பகுதி உருகி, கண்ணாடிபோல் துளைகளை அடைத்துவிடுகிறது. நீர் உள்ளே புக வழியில்லை. அதனால் சேற்றில் நூற்றாண்டுகள் கிடந்தாலும் அது அழிவதில்லை.

சரி, ஒரு துண்டு எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சோங் (960–1279), யுவான் (1271–1368), மிங் (1368–1644), சிங் (1644–1912).

முதல் துப்பு, எழுத்து. சில பாத்திரங்களின் அடியில் வம்சத்தின் பெயரும் பேரரசரின் ஆட்சிப் பெயரும் இருக்கும். சீனர்கள் ஆண்டுகளையும் ஆட்சிப் பெயரால்தான் கணக்கிட்டனர். சோழர் கல்வெட்டுகளிலும் மன்னரின் ஆட்சியாண்டு இருக்கிறதல்லவா, அதுபோலத்தான். இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உள்ளன. கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல்லின் காலம் யோங்லே 7ஆம் ஆண்டு, அதாவது 1409. ஆனால் எழுத்தை மட்டும் நம்பக்கூடாது. சிங் காலக் குயவர்கள் மிங் பேரரசர்களின் பெயரைப் பொறித்த பாத்திரங்களும் உண்டு!

இரண்டாவது துப்பு, வேதியியல். நீலக் கோடுகளைத் தருவது கோபால்ட். யுவான் காலத்திலும் மிங் ஆட்சியின் தொடக்கத்திலும் மேற்காசியாவிலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம், மாங்கனீஸ் குறைவு. சீனாவிலேயே கிடைத்த கோபால்ட்டில் மாங்கனீஸ் அதிகம். துண்டின்மீது எக்ஸ்-ரே கதிரைச் செலுத்தினால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள கதிரைத் திருப்பி வெளியிடும். துண்டை உடைக்காமலே அதில் என்னென்ன இருக்கிறது என்று அறியலாம்.

மூன்றாவது துப்புதான் மிக முக்கியம். அது, துண்டு கிடந்த இடம். எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது?

மிங் வம்சத்தின் முதல் பேரரசர் தனியார் கடல் வாணிபத்தைத் தடை செய்தார். 1567இல்தான் தடை பெருமளவு தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் இப்பகுதிக் கடல்களில் மூழ்கிய கப்பல்களில் சீனப் பீங்கான் வெகுவாகக் குறைகிறது. தாய்லாந்து, வியட்நாம் பாத்திரங்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன. ஆய்வாளர்கள் இதை ‘மிங் இடைவெளி’ என்கிறார்கள். தொலைவில் ஓர் அரண்மனையில் பிறந்த ஆணை, நம் பக்கத்துக் கடலடியில் ‘இல்லாமை’யாகப் பதிந்திருக்கிறது.

இப்போது யோசியுங்கள். ஆற்றங்கரையில் ஒருவர் நீலப் பூப்போட்ட அழகான துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு வரும் ஆய்வாளருக்கு அங்கே சீனப் பீங்கானே தென்படாது. அது பேரரசரின் தடையால் வந்த இல்லாமையா, நம்மவர் சட்டைப்பையால் வந்த இல்லாமையா? யாராலும் சொல்ல முடியாது. அலமாரியில் துண்டு இருக்கும். அது சொல்லவேண்டிய சாட்சி போய்விடும்.

ஆகவே, பழைய துண்டு எதையாவது கண்டால் எடுக்காதீர்கள். படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு மாவட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள். இப்படித் தெரிவிக்கும்படி 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டமும் கேட்கிறது.

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டிலுள்ள மெல்லிய பீங்கான் கிண்ணத்துக்குள் கைப்பேசி விளக்கை வைத்து, அறையை இருட்டாக்குங்கள். சுவர் வழியே ஒளி மங்கலாகத் தெரிகிறதா? பிறகு ஒரு மண்சட்டியில் அதையே செய்து பாருங்கள். வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று, மேலே படித்ததைக் கொண்டு நீங்களே எழுதுங்கள்.