ஜெர்சி மாறிய கோல்கீப்பர்

கால்பந்தில் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்குப் போவது, நம்ம ஐடி வேலையில் கம்பெனி மாறுவது மாதிரிதான். செர்பியாவின் விளாதிமிர் ஸ்டோய்கோவிச்சுக்கு மட்டும் அது அவ்வளவு எளிதாக இல்லை. ஒரு சர்வதேச ஆட்டமே அதில் நின்று போனது.

பெல்கிரேடில் ரெட் ஸ்டார், பார்ட்டிசான் என்று இரண்டு கிளப்புகள். இரண்டுமே 1945-ல் தொடங்கியவை. மைதானங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, பகைக்கோ எல்லையே இல்லை. 1983-ல் பிறந்த ஸ்டோய்கோவிச் ரெட் ஸ்டாரில் வளர்ந்த பையன். அப்புறம் பிரான்சின் நாந்த், போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் என்று வெளிநாடு போனார். ஸ்போர்ட்டிங்கில் நிலைக்கவில்லை, ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் லோனில் போய் வந்தார்.

2010 ஜூன் 18, தென்னாப்பிரிக்க உலகக் கோப்பை. ஜெர்மனிக்கு எதிராக செர்பியா 1-0 முன்னிலை. 60-வது நிமிடம் ஜெர்மனிக்குப் பெனால்டி. பொடோல்ஸ்கி அடித்ததை ஸ்டோய்கோவிச் தடுத்தார். ஷூட்-அவுட்டை விட்டுவிட்டால், 1974-க்குப் பிறகு உலகக் கோப்பையில் ஜெர்மனி தவறவிட்ட முதல் பெனால்டி அது. நாடே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

இரண்டே மாதத்தில் அவர் பார்ட்டிசானில் சேர்ந்தார். ரெட் ஸ்டாரின் தீவிர ரசிகர்களுக்கு இது துரோகம்.

அக்டோபர் 8: பெல்கிரேடில் எஸ்தோனியாவிடம் 1-3 தோல்வி. அக்டோபர் 12: இத்தாலியின் ஜெனோவாவில் அடுத்த ஆட்டம். செர்பிய அணி வந்த பஸ்ஸுக்குள்ளேயே ரெட் ஸ்டார் ஆட்கள் அவரைத் தாக்கினார்கள். கவனியுங்கள், அடித்தது எதிரணி ரசிகர்கள் இல்லை, சொந்த நாட்டுக்காரர்கள். நடுங்கிப்போனவர் இத்தாலி அணியின் அறையில் தஞ்சம் புகுந்ததாக அன்றைய செய்திகள் சொல்லின. அவருக்குப் பதில் பிர்கிச் இறங்கினார். ஆட்டம் அரை மணிக்கு மேல் தாமதமாகத் தொடங்கியது. மைதானத்துக்குள் எரியும் தீப்பந்தங்கள் விழ, சுமார் ஆறு நிமிடத்தில் நடுவர் நிறுத்திவிட்டார். பின்னால் இத்தாலிக்கு 3-0 வெற்றி என்று அறிவித்தார்கள்.

ஏன் கோல்கீப்பர் மேல் இவ்வளவு கோபம்? ஸ்ட்ரைக்கர் ஓடிக்கொண்டே இருப்பான். கோல்கீப்பர் அப்படியில்லை. 45 நிமிடம் ஒரே இடம். தீவிர ரசிகர்கள் கூடுவதும் பெரும்பாலும் கோலுக்குப் பின்னால்தான். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் நிற்க வேண்டும். என் ஊகம்தான் இது, ஆனாலும் வீடியோக்களைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றலாம்.

2012 யூரோ தகுதிச் சுற்றில் எஸ்தோனியா 16 புள்ளி, செர்பியா 15. 'ஜெனோவாதான் கெடுத்தது' என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். அங்கே டிரா செய்திருந்தால்கூடப் போதாது. நேருக்கு நேர் கணக்கில் எஸ்தோனியாதான் மேல். ஜெயித்திருந்தால்தான் உண்டு. இத்தாலியை அதன் மண்ணிலேயே!

ஸ்டோய்கோவிச் பின்வாங்கவில்லை. பார்ட்டிசானிலேயே நின்று லீக் பட்டங்கள் வென்றார். இடையில் வேறு நாடுகளுக்குப் போய், மறுபடி அங்கேயே திரும்பினார். தேசிய அணிக்கு 80-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். 2018 ரஷ்ய உலகக் கோப்பையில் செர்பியா ஆடிய மூன்று ஆட்டங்களிலும் கோலில் நின்றது அவர்தான். அப்போது அவருக்கு 35 நிறைய ஒரு மாதம்தான் பாக்கி.