ஹைஸ்கூலில் கலாசாலைப் பாடம்

ஒரே சரக்கை இருமுறை விலை கொடுத்து வாங்குவோனை உலகம் ஏமாளி என்னும். ஆயின் கல்வி விஷயத்தில் அவ்வாறு வாங்கும்படி மாணாக்கரை நிர்ப்பந்திப்பது பல தேசங்களில் வழக்கமாகவே இருந்து வருகிறது. ஹைஸ்கூலின் இறுதி வகுப்பில் நன்றாய்க் கற்றுத் தேறிய கணிதத்தையும் சரித்திரத்தையும் கலாசாலையின் முதல் வகுப்பில் பிள்ளை மறுபடியும் கேட்கிறான்; அதற்குச் சம்பளமும் கட்டுகிறான். இந்த வீண் செலவை ஒழிக்க அமெரிக்க ஐக்கிய நாட்டார் செய்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றி நமது நேயர்களுக்குச் சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

அந்நாட்டுக் கலாசாலைகளில் பட்டம் பெறுவது பேரேட்டில் வரவு சேர்ப்பதைப் போன்றது. அரை வருஷ காலம் வாரந்தோறும் மூன்று மணி நேரம் ஒரு பாடத்தைக் கேட்டுத் தேறினால் 3 ‘கிரெடிட்’ வரவாகும். பொதுவாக 120 சேர்ந்தால் பட்டம். ஹைஸ்கூலில் இருக்கும்போதே 30 கிரெடிட் சேர்த்துக்கொண்டவன் நான்கு வருஷப் படிப்பில் ஒரு வருஷத்தை மீதப்படுத்துகிறான். அவன் தகப்பனாருக்கு ஒரு வருஷச் சம்பளமும் சாப்பாட்டுச் செலவும் மிச்சமாகின்றன. ‘கலாசாலைப் பாடத்தைப் பள்ளியில் வைப்பதா?’ என்று மூக்கில் விரல் வைப்போர் நம்மிலும் உண்டு. பள்ளிக்கும் கலாசாலைக்கும் இடையேயுள்ள வேலி இயற்கை போட்டதன்று. நமது சென்னையிலேயே ஒரு காலத்தில் இன்டர்மீடியட் வகுப்பு இரண்டு வருஷமும் கலாசாலையில் நடந்தது, பிறகு பி.யூ.சி. என்று அது ஒரு வருஷமாய்ச் சுருங்கிற்று. 1978-இல் அதுவும் பள்ளிக்கூடத்துக்குப் பெயர்ந்து ‘பிளஸ் டூ’ ஆயிற்று. வேலி நகர்ந்ததனால் ஆகாயம் இடிந்து விழுந்துவிடவில்லை.

அமெரிக்காவில் இம்முயற்சி ஏழைகளை உத்தேசித்துத் தொடங்கியதன்று என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆண்டோவர், எக்ஸெட்டர், லாரன்ஸ்வில் என்னும் செல்வர் வீட்டுப் பள்ளிகள் மூன்றும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்னும் சர்வகலாசாலைகள் மூன்றும் கூடி ஆராய்ந்து, ஒரே பாடம் இரண்டு இடத்திலும் போதிக்கப்படுவதை 1952-இல் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக் காட்டின. 1955-இல் காலேஜ் போர்டு என்னும் ஸ்தாபனம் இவ்வேலையை ஏற்றுக்கொண்டது. ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்ற பெயருடன் மறு வருஷம் நடந்த பரீக்ஷைக்கு 104 பள்ளிகளிலிருந்து 1,229 மாணாக்கர் வந்தனர். மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 கிடைத்தால் தேறியதாகக் கொள்வது வழக்கம்.

இப்பரீக்ஷை ஏழைத் தெருவுக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதே நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் கீழ்ப் பகுதியில் கார்பீல்டு ஹைஸ்கூல் என்றொரு பள்ளி. அங்கே படித்தவர் பெரும்பாலும் மெக்ஸிகோ வம்சத்துத் தொழிலாளர் மக்கள். பொலீவியா தேசத்திலிருந்து குடியேறிய ஹைமே எஸ்கலான்டே என்னும் உபாத்தியாயர் 1974 முதல் அங்கே கணிதம் போதித்து வந்தார். கூட்டலே தகராறு என்று பிறர் கைவிட்ட பிள்ளைகளுக்குக் ‘கால்குலஸ்’ என்னும் உயர் கணிதத்தைக் கற்பிக்க அவர் துணிந்தார். 1982-இல் அவருடைய மாணாக்கர் 18 பேர் அப்பரீக்ஷைக்குப் போயினர். 18 பேரும் தேறினர். பரீக்ஷை நடத்தினோர் மெச்சினார்களோ? இல்லை. ஒரு கேள்விக்குச் சிலருடைய விடைகள் ஒத்திருந்தன என்று 14 பேர்மீது சந்தேகம் கொண்டு, மறுபடியும் பரீக்ஷை எழுதச் சொன்னார்கள்! 12 பேர் எழுதினர். அவர்கள் அனைவரும் மீண்டும் தேறினர்.

முதற் பரீக்ஷையில் நிகழ்ந்தது என்ன என்பதைப் பற்றிப் பிற்காலத்திலும் பேச்சு எழுந்ததுண்டு. நியாயஸ்தலத்தில் பழகிய நமக்கு இரண்டாம் பரீக்ஷையின் சாக்ஷியமே போதும். குற்றஞ்சாட்டுவோனே குற்றத்தை நிரூபிக்கவேண்டும் என்பது தர்மம்; இங்கே தங்கள் அறிவைத் தாங்களே இருமுறை நிரூபிக்கும் பாரம் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தலைமேல் விழுந்தது. ஆண்டோவர் பிள்ளைகளின் விடைகள் ஒத்திருந்தாலும் இவ்வாறே செய்திருப்பார்களா என்று அப்பொழுதே கேட்டவர்கள் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

நிற்க. பரீக்ஷையை நம்பாமல் பிள்ளையைக் கலாசாலைக்கே நேராக அனுப்பும் வழியும் ஒன்று உண்டு. மின்னஸோட்டா மாகாணத்தில் ரூடி பெர்பிச் கவர்னராக இருந்தபோது 1985-இல் ஒரு சட்டம் நிறைவேறிற்று. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கர் கலாசாலைக்குச் சென்று கற்கலாம். சம்பளமும் புஸ்தகச் செலவும் சர்க்காருடையவை. அப்பிள்ளையின் பொருட்டுப் பள்ளிக்குக் கொடுத்துவந்த மானியத்தில் ஒரு பகுதி கலாசாலைக்குப் போய்விடும். பள்ளி அதிகாரிகள் கூச்சலிட்டதில் ஆச்சரியமில்லை. பணம் போகிற வழியில்தானே எதிர்ப்பும் பிறக்கும்! ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வழிச் செலவும் கொடுக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. இதை நாம் விசேஷமாகப் பாராட்டுகிறோம். பஸ் கட்டணத்துக்கு வழியில்லாதவனுக்கு இலவசக் கல்வி எட்டாக் கனியே. இவ்விதம் பள்ளியிலிருந்தபடியே கலாசாலைப் பாடம் கற்றவர் அந்நாடு முழுவதிலும் 2022-23 பள்ளி வருஷத்தில் சுமார் 25 லக்ஷம் பேர். பலருக்குத் தங்கள் ஹைஸ்கூலிலேயே, தகுதி பெற்ற உபாத்தியாயரைக் கொண்டு இப்பாடம் நடக்கிறது. அத்தகைய உபாத்தியாயர் கிராமப் பள்ளிகளில் அகப்படுவது அரிது.

இனி, சேர்த்த கிரெடிட் செல்லுமா என்பது வேறு விவகாரம். அது ஓர் உண்டியல். எழுதினவன் கையெழுத்து எவ்வளவு அழகாயிருந்தாலும், யார்மேல் எழுதப்பட்டதோ அவன் ஏற்றுக்கொண்டால்தான் பணம். டார்ட்மத் கலாசாலை, 2014-இல் சேர்ந்த வகுப்பு முதற்கொண்டு, அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் பரீக்ஷைக்குக் கிரெடிட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. மதிப்பெண் 5 இருந்தாலன்றி ஏற்காத கலாசாலைகள் உண்டு. ஏற்றுக்கொண்டும், பட்டத்துக்கு இன்றியமையாத பாடத்துக்கு ஈடாக வைக்காமல் உதிரி வரவாக எழுதிவிடுவனவும் உண்டு. இரண்டாவது தந்திரம் முதலாவதைவிடக் கொடிது. பேரேட்டில் வரவு இருக்கும். படிப்புக் காலமோ ஒரு நாளும் குறையாது. பணக்காரப் பிள்ளைக்கு இது ஒரு மனத்தாங்கல், அவ்வளவே. ஒரு வருஷம் முன்பாகச் சம்பாத்தியத்துக்குப் போகலாம் என்று இரவெல்லாம் கண் விழித்துப் படித்த கூலிக்காரன் மகளுக்கோ குடும்பத்தின் வரவு செலவே தலைகீழாகிறது.

இதற்குப் பரிகாரம் கலாசாலைகளின் தயவில் இல்லை; சட்டத்தில் இருக்கிறது. இல்லினாய்ஸ் மாகாணத்தார் 2015-இல் செய்த சட்டப்படி, அங்குள்ள பொதுக் கலாசாலைகள் 3-ம் அதற்கு மேலும் பெற்ற மாணாக்கருக்குக் கிரெடிட் கொடுத்தே தீரவேண்டும். ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி கொடுத்த உண்டியலை, அதே வரிப்பணத்தில் நடக்கும் கலாசாலை திருப்பியடிக்கக் கூடாது என்பது எவ்வளவு எளிய நியாயம்! தனியார் கலாசாலைகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. அவற்றிற் சேர எண்ணும் பிள்ளைகளின் பெற்றோர், எந்தப் பாடத்துக்கு எந்த வரவு என்பதை முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.