இரவிலும் விடாத வீட்டுச் சூடு

"ராத்திரி பத்து மணியாச்சு, வீடு இன்னும் அடுப்பு மாதிரி இருக்கே!" என்று சொல்லாத குடும்பம் லயத்தில் உண்டா?

குளிர் நாட்டில் சூட்டைப் பிடித்து வைக்கும் வீடே நல்ல வீடு. பிரிட்டனில் ஆளில்லாத வீட்டை மின்கணப்பு வைத்துப் பல நாள் ஒரே சூட்டில் காத்து, செலவாகும் மின்சாரத்தைக் கொண்டு வீட்டின் தரத்தை அளப்பார்கள். நமக்கோ கதை தலைகீழ்.

நாமும் அளக்கலாம். சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் ரெண்டு போதும். முதலில் ரெண்டையும் அரைமணி நேரம் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒன்றை உள்ளே, படுக்கும் உயரத்தில், அடுப்புக்கும் சுவருக்கும் விலக்கித் தொங்கவிடுங்கள். மற்றதை வெளியே மர நிழலில் தொங்கவிடுங்கள். மழையில்லாத மூன்று நாள், பகல் 2, இரவு 7, இரவு 10, விடியற்காலை 5 மணிக்குப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

பகலில் உள்ளே மிக அதிகமாகி, இருட்டியதும் இறங்கினால் குற்றவாளி தகரக் கூரை. தகரம் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். இரவு 10 மணிக்கும் உள்ளே 3, 4 டிகிரி கூடவே நின்றால், பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த கல்சுவரும் சிமெண்டுத் தரையும்தான் அதை மெல்லக் கக்குகின்றன.

கூரைக்கு வெள்ளைச் சாயம், அடியில் மச்சு, காற்றுப்போக வழி. சுவருக்கு மேற்குப் பக்க நிழல். சுங்கை பூலோவில் 1930ல் திறந்த தொழுநோய்க் குடியிருப்பைப் பாருங்கள்: மலையடிவாரப் பள்ளத்தாக்கில் தனித்தனிச் சிறு வீடுகள், சுற்றிலும் செடி கொடி. அங்கே வாழ்ந்தவர்கள் வளர்த்த நாற்றுப் பண்ணைகள் இன்றும் பேர் பெற்றவை. ஒரு பந்தல் கொடி வாங்கி மேற்குச் சுவர் ஓரம் நடலாமே!

இது சுகத்துக்காக மட்டும் சொல்வதல்ல. பகல் வெயிலில் வேலை செய்த உடம்பு இரவில்தான் ஆற வேண்டும். ஆறாவிட்டால் தூக்கம் கெடும், இருதயம் களைக்கும். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசானவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதிகம் வாடுவார்கள். 40 டிகிரிக்கு மேல் காற்றாடி உடம்பைக் குளிரச் செய்யாது, சூட்டையே ஏற்றும். ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; 999க்குக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

முதலாளி தரும் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்கிறது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம்; தொழிலாளர் இலாகா அதைக் கவனிக்கிறது. "சூடா இருக்குங்க" என்று வாயால் சொன்னால் காற்றோடு போகும். மூன்று நாள் கணக்கு எழுதிய நோட்டை சங்கக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அவர் அதை வைத்து நிர்வாகத்திடம் பேசட்டும்.